மரத்தைத் தொடாத கத்தி

எட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா பால் வெட்டுகிறவர். இருட்டு விலகும் முன்பே மலைக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சிரட்டை துடைத்துக் கொடுக்க நானும் கூடப் போவேன். மரத்தடிக்கு வந்ததும் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்துப் பைக்குள் போடுவார். பிறகு இடது மேல்முனையில் கத்தியை வைத்து, வலது கீழ்முனை வரை சரிவாக இழுத்துக்கொண்டு வருவார். சுருண்டு விழும் பட்டைச் சீவல் ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றுத்தான் தடிப்பு.

பால் நாளங்கள் அடர்த்தியாக இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டி. ஆழமாக வெட்டினால் பால் கூடும். இன்னும் ஒரு நூல் ஆழம் போனால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும். தொட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பால் நன்றாகவே வடியும். ஸ்டோரில் நிறுக்கும்போது கிலோவும் கூடியிருக்கும். வெட்டிய பட்டை திரும்ப வளர்ந்து, ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். காயம் பட்ட இடமெல்லாம் முடிச்சும் புடைப்புமாகக் கிடக்கும். கத்தி ஓடாது.

புதிதாக வேலைக்கு வந்த பெண்களின் மரங்களை அம்மா போய்ப் பார்ப்பார். அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, அதற்கென்று ஒரு சதம் கூடுதலாகக் கிடைத்ததும் இல்லை. வெட்டின் மேல் பெருவிரலை வைத்துத் தடவுவார். ஒரு நாள் ஒரு புதுப் பெண்ணிடம் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "இன்னிக்கி பாலு கூட வரும் புள்ள. இந்தப் பட்டைய அடுத்த தரம் வெட்ட வர்றவதான் அழுவா."

நான் இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக் லீட். ஏழு பேர் எழுதும் நிரலுக்குப் பொறுப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தின் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "என்னா வேல புள்ள அது? கம்பியூட்டர் கங்காணியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. இந்த வேலையைச் செய்கிற எவரும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அந்த நாற்காலியில் என்ன வேலை?

இலங்கை மென்பொருள் நிறுவனங்களில் ஏணி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பயிற்சியாளராக நுழைந்து, இணை மென்பொருள் பொறியியலாளர், பொறியியலாளர், மூத்த பொறியியலாளர் என்று ஏறினால் அடுத்த படி டெக் லீட். அதற்கு மேலே ஆர்க்கிடெக்ட். பக்கவாட்டில் மனேஜர். விடுமுறை, சம்பள உயர்வு, வாடிக்கையாளருடன் பேச்சு எல்லாம் மனேஜருடைய பாடு. எழுதப்படும் பொருள் எப்படி இருக்க வேண்டும், எந்தத் துண்டை யார் எழுதுவது, எழுதியது சரியா, பாரம் ஏறினால் தாங்குமா, நள்ளிரவில் விழுந்தால் யார் எழும்புவது என்பதெல்லாம் டெக் லீடுடைய பாடு. சில இடங்களில் அவர் பாதி நாள் நிரல் எழுதுவார். சில இடங்களில் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருப்பார். என் அனுபவத்தில், நிரல் எழுதுவதை முழுதாக விட்ட டெக் லீடுக்கு ஓரிரு வருடத்தில் கை மரத்துவிடும். மற்றவர் வெட்டைத் தடவிப் பார்க்க விரல் வேண்டும். விரலுக்குப் பழக்கம் வேண்டும்.

இப்படி ஒருவர் தேவை என்ற எண்ணம் புதிதும் அல்ல. 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் ஹார்லன் மில்ஸ் 'தலைமை நிரலாளர் குழு' என்ற முறையை முன்வைத்தார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் பழைய செய்திகளைத் தேடி எடுக்கும் அமைப்பை அப்படிப்பட்ட ஒரு குழுதான் எழுதியது. அந்தக் குழுவில் தலைமை நிரலாளராக இருந்த டெரி பேக்கர் அனுபவத்தை 1972இல் எழுதி வெளியிட்டார். 1975இல் ஃபிரெட் புரூக்ஸ் மென்பொருள் வேலை பற்றிய தன் புத்தகத்தில் இதைச் சத்திரசிகிச்சைக் கூடத்தோடு ஒப்பிட்டார்: கத்தி பிடிப்பவர் ஒருவர், மற்றவர்கள் அவருக்குத் துணை. அந்தக் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று ஏழு பேரும் கத்தி பிடிக்கிறார்கள். தன் கை எவ்வளவு கூர்மையானது என்று காட்டுவதை விட, ஏழு கைகளும் மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

தலைக்காசும் துண்டும்

பெரியவர் சொன்ன கங்காணிக்கு வருகிறேன். நம் சனங்களுக்கு அந்தச் சொல் விளையாட்டுச் சொல் இல்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, கடல் கடத்தி, காட்டுவழி நடத்திக் கூட்டி வந்தவர் கங்காணி. தோட்டத்தில் அவர்களை மேய்த்தவரும் அவர்தான். அவருக்குத் தலைக்காசு உண்டு. தன் ஆட்களில் அன்றைக்கு எத்தனை தலை வேலைக்கு இறங்கியதோ அத்தனைக்கும் காசு. காய்ச்சலில் கிடந்தவரையும் மலைக்கு இழுத்துப்போகும் அவசரம் அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது. எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளை எண்ணுவதற்குக் காசு கொடுத்தால் மனிதர் ஆளைத்தான் எண்ணுவார்.

இன்னொன்று துண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று. புதுத் தோட்டம் அதைக் கட்டும். கடன் தீராது, ஆளோடு சேர்ந்து புது இடத்துக்குப் போகும். 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

நான் படிக்கும் காலத்தில் 'தொழில்நுட்பக் கடன்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது துண்டுதான் நினைவுக்கு வந்தது. வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1992இல் சொன்ன ஒப்புமை அது. நிரலை அவசரமாக எழுதி வெளியிடுவது கடன் வாங்குவது போல. சீக்கிரம் திரும்பி வந்து திருத்தி எழுதினால் கடன் அடையும், விட்டால் வட்டி ஏறும். நம் வரலாறு அதில் ஒன்றைச் சேர்க்கிறது. வாங்கியவர் வேறு, கட்டுபவர் வேறு. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் கம்பனி மாறும் இந்தத் துறையில் அவசரமாக எழுதியவர் நல்ல பெயரோடு போய்விடுவார். புதிதாக வந்து உட்காரும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை அந்த நிரலைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல், தனக்குத்தான் அறிவு போதாது என்று நினைத்துக்கொள்ளும். அப்படி அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காலையில் பெரட்டு என்று ஒன்று தோட்டத்தில் உண்டு. பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பார்கள். யார் எந்த மலைக்கு என்று மேலிருந்து உத்தரவு வரும், அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடப்படும். மென்பொருள் கம்பனிகளிலும் காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் எல்லோரும் கூடி நிற்கும் வழக்கம் இருக்கிறது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன். இந்த மூன்றில் உயிர் இருப்பது மூன்றாவதில். ஒரு பிள்ளை வாயைத் திறந்து "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்வதற்காகத்தான் அந்தக் கூட்டம். டெக் லீட் ஒரே ஒரு நாள் முகம் சுளித்தால் போதும், மறுநாள் முதல் அது பெரட்டு ஆகிவிடும். எல்லோரும் "எல்லாம் சரி" என்பார்கள். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழும் பயம் கண்ணில் தெரியும்.

எத்தனை வரி எழுதினார், எத்தனை வேலைத்துண்டு முடித்தார் என்று எண்ணிப் பார்க்கும் திரைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தலைக்காசு நினைவு வரும்.

கடல் வந்த நாட்களில்

நம் நாட்டு டெக் லீடுகள் என்ன செய்ய முடியும் என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுனாமி. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது, எவருடைய பிள்ளையை யார் தேடுகிறார் என்ற கணக்கு ஒருவர் கையிலும் இல்லை. ஒரே முகாமுக்கு மூன்று லொறி பாண் வரும். பக்கத்து முகாமுக்குத் தண்ணீர்கூட வராது. அந்த நாட்களில் கொழும்பின் மென்பொருள் பொறியியலாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாகக் கூடி சில வாரங்களுக்குள் எழுதியதுதான் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. சஞ்சீவ வீரவரணவும் சமிந்திர டி சில்வாவும் அதன் முன்னணியில் நின்றவர்கள்.

முன்பின் தெரியாத பலர், ஒருவருக்கொருவர் சம்பளம் கொடுக்காதவர்கள், தூக்கமில்லாமல் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதை உடைக்காமல் இருக்க வேண்டும். சஹனவின் அமைப்பைப் பார்த்தால் அதற்கான விடை தெரிகிறது. காணாமல் போனோர் பதிவு தனி, உதவி நிறுவனங்களின் பதிவு தனி, முகாம்களின் பதிவு தனி, தேவைகளையும் உதவிகளையும் பொருத்துவது தனி. ஒரு பகுதியை எழுதுகிறவர் அடுத்த பகுதியின் உள்வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. அடித்தளமாக பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும். அன்றைக்குப் பளபளப்பான தெரிவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தெருவில் போகிற நிரலாளரைக் கூப்பிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். வேலை எங்கே எந்தக் கூரைக்குக் கீழே நடக்கப்போகிறது என்பதைப் பார்த்துச் செய்த தெரிவு அது. ஒரு டெக் லீடின் தரம் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

நிரலைத் திறந்த மூலமாக விட்டதால் அது கடல் தாண்டியது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம். 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டேயில் கின்சௌகன் என்ற கிராமம் முழுதாக மண்சரிவில் புதைந்தபோதும், அதே ஆண்டு யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் சஹன பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டங்களுக்கென்று ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹனவுக்குத்தான் கிடைத்தது.

அந்தக் கூட்டம் தனித்து நிற்கவில்லை. 1996இல் இங்கே தொடங்கிய மிலேனியம் ஐடி பங்குச் சந்தை மென்பொருள் எழுதிப் பெயர் எடுத்தது. 2009இல் லண்டன் பங்குச் சந்தை அதை விலைக்கு வாங்கியது, 2011இல் லண்டனின் பிரதான சந்தையே மாலபேயில் எழுதிய மென்பொருளில் ஓடத் தொடங்கியது. 2005இல் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 அப்பாச்சி திறந்த மூலத் திட்டங்களுக்குள் ஆழமாகக் கை வைத்த நிறுவனம். கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொரட்டுவ. முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலைப் படித்து, மதித்து, திருத்தச் சொல்லும் பழக்கம் இந்த வட்டத்தில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாமல் சஹனவைச் சில வாரத்தில் எழுதியிருக்க முடியாது.

எழுபது இடங்கள்

என் ஊர் இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தில் நம் ஆபத்து மேலிருந்து வரும், மலையிலிருந்து. 2003 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்திலும் மண்சரிவிலும் பட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூற்றுக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. 2017 மே மாதம் மறுபடியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடு முழுதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேகாலையும் அந்தப் பட்டியலில் உண்டு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் வெளியேற வேண்டும். மஞ்சள், அம்பர், சிவப்பு. கணக்கு எளிது. அந்தக் கணக்கு ஒரு லயத்துக் காம்பராவின் கதவு வரை போய்ச் சேர்வதுதான் கடினம். அந்த வழி நெடுக மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒரு டெக் லீட் எடுத்த முடிவு இருக்கிறது.

ஒன்றைக் கிட்டப் பிடித்துக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் அது 70 ஆகச் சுருங்கும், ஏனென்றால் ஒவ்வொரு குறிக்கும் இரட்டிப்புக்கும் மேலான இடம் வேண்டும். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்து இல்லை. 'ரி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு 'ர' ஒன்று, கொக்கி இன்னொன்று. 'ம்' என்றால் 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. "மண்சரிவு அபாயம். உடனே வெளியேறுங்கள்." என்ற வரியில் நாம் எண்ணினால் 19 எழுத்து. கணினி எண்ணினால் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 36. புளத்கொஹுபிட்டிய என்ற ஊர்ப் பெயருக்கு மட்டும் 16. மிச்சம் 18. அதற்குள் தோட்டத்தின் பெயர் வர வேண்டும், எங்கே போவது என்பதும் வர வேண்டும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும். சிக்னல் விட்டு விட்டு வரும் மலைப்பக்கத்தில் ஒரு துண்டு முந்தியும் மற்றது பிந்தியும் வரலாம்.

திணைக்களத்தின் பெயரையும் திகதியையும் முதலில் போட்டு, "வெளியேறுங்கள்" என்பதை இரண்டாவது துண்டில் தள்ளிவிட்ட ஒரு நிரலை எழுதிய பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரிடம் கொடுத்த தாளில் சொற்கள் அந்த வரிசையில் இருந்தன. அதைப் பார்த்து நிறுத்தி, "இந்தச் செய்தியை யார், எங்கே, எத்தனை மணிக்கு வாசிப்பார்?" என்று கேட்க வேண்டியவர் டெக் லீட். தமிழில் வாசிக்கத் தெரிந்தவர், லயத்தில் மழை இரவைக் கண்டவர் அந்த நாற்காலியில் இருந்தால் கேள்வி தானாக வரும்.

நான் விட்ட பிழை

தானாக வரும் என்று எழுதினேன். எப்போதும் வருவதில்லை. நானே விட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு கம்பனியில், கடன் விண்ணப்பங்களை வாங்கும் ஒரு செயலிக்கு நான் டெக் லீட். குழுவில் ஒருவர் படிவத்தை எழுதியிருந்தார். பெயருக்கு இரண்டு பெட்டி: முதற்பெயர், குடும்பப் பெயர். இரண்டும் கட்டாயம். வெள்ளிக்கிழமை மாலை. கொழும்புக் கோட்டையில் எனக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மாற்றத்தைத் திறந்தேன், வரிகள் சுத்தமாக இருந்தன, இரண்டு நிமிடத்தில் சரி என்று அழுத்திவிட்டேன்.

எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக வரும், அவ்வளவுதான். அதுவும் பிறப்புப் பதிவில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். லெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் லயத்திலேயே நான்கு விதம் இருந்தது. பதிவாளருக்குக் கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று. என் அம்மாவின் பெயரே இரண்டு ஆவணத்தில் இரண்டு விதம். அதைச் சரிசெய்ய அவர் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு எத்தனை நாள் சம்பளத்தை விட்டு அலைந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் அந்தப் பெட்டியைக் கட்டாயம் என்று விட்டேன்.

தோட்டத்தவர்கள் இரண்டாவது பெட்டியில் புள்ளி வைத்தார்கள். அப்பா பெயரை எழுதினார்கள். சிலர் தோட்டத்தின் பெயரையே எழுதினார்கள். அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று செயலி தானாகவே மறுத்தது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. மறுக்கப்பட்டவர்கள் முறைப்பாடு செய்யவில்லை, அதனால்தான் கவனிக்கவில்லை. "இல்லை" என்ற சொல் அவர்களுக்குப் புதிது இல்லை. கடைசியில் திருத்த ஆறு வாரம் ஆனது. அந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் இருந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அந்த நிரலை எழுதியவர் மன்னிப்புக் கேட்டு வந்தார். சரி என்று அழுத்தியது என் விரல், உங்கள் பெயர் இதில் வராது என்று சொன்னேன். மேலே எழுதிய அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். அந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்த ஒன்று அதுதான்.

"தொரை சொன்னா சரி"

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் கதையை மலையகம் பேசுகிறவர்களே அதிகம் பேசுவதில்லை. நுவரெலியாவைப் போல நாங்கள் பெருந்தொகையாக ஓரிடத்தில் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, தேயிலையும் இறப்பருமாக, சிறு சிறு தோட்டங்களில் சிதறிக் கிடக்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தமிழில் படிக்க வேண்டுமென்றால் பல பிள்ளைகள் வேறு மாவட்டத்துக்கே போக வேண்டியிருந்தது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது ஒரு கதவு திறந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு அதன் ஆசிரியர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது, கணினிப் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த வாசலைத் தாண்டும் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் எத்தனை வடிகட்டிகளைத் தாண்டி வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அப்படி வருகிற பிள்ளைகள் நல்ல நிரலாளர்களாக ஆகிவிடுகிறார்கள். டெக் லீட் நாற்காலிக்கு முன்னால் தயங்கி நிற்கிறார்கள். ஆங்கிலம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வீட்டிலிருந்து வருகிறது. தொரை சொன்னா சரி. கண்டாக்கையா சொன்னா சரி. எதிர்த்துப் பேசினால் பேர் விழாது என்று நான்கு தலைமுறை கற்ற பாடம் அது. பிழைத்துக் கிடக்க அன்றைக்கு அது தேவைப்பட்டது. டெக் லீடின் வேலையில் பாதி மேலே பார்த்து மறுப்பது. "இந்தத் திகதிக்கு முடியாது." "இதை இப்படி வெளியிட்டால் ஆட்களுக்குப் பாதிப்பு." வாடிக்கையாளர் முன்னால், மனேஜர் முன்னால், தன்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் சொன்னபோது மேசைக்கடியில் கை நடுங்கியது. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

மேலே மறுக்கத் தெரியாதவர் அந்த அழுத்தம் முழுவதையும் கீழே இறக்கிவிடுவார். சனி ஞாயிறும் வாருங்கள் என்பார். பெரியவர் சொன்ன கம்பியூட்டர் கங்காணி அப்போதுதான் பிறக்கிறார்.

ஒரு வெற்றுப் பெட்டி

டித்வாவுக்குப் பிறகு, நண்பர்கள் நான்கு பேர் இரவுகளில் உட்கார்ந்து சின்னதாக ஒன்று எழுதினோம். எந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை. தோட்ட ஒஃபிஸ்களில் காலையில் மழைமானி பார்த்து அளவு எழுதும் வழக்கம் பழையது. அந்த எண்ணைத் தெரிந்தவர்களிடமிருந்து குறுஞ்செய்தியாக வாங்கி, எட்டுத் தோட்டங்களின் மழையை ஒரே பக்கத்தில் காட்டுவோம். அரசாங்கத்தின் எச்சரிக்கைக்கு மாற்றாக இல்லை, ஊருக்குப் போன் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாக. வடிவத்தை நான் போட்டேன். அடித்தளத்தையும் நானே எழுதினேன்.

எங்களில் இளையவள் இறக்குவானைப் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் எழுதியதைப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கொடுத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல் அழைத்தாள். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அக்கா, செய்தி வராத தோட்டத்துக்கு ஏன் பூஜ்ஜியம்னு போட்டிருக்கீங்க?"

நிரலைத் திறந்தேன். எண் வராவிட்டால் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள். பன்னிரண்டு வருடமாக யோசிக்காமல் எழுதிவரும் ஒரு வரி. திரையில் பூஜ்ஜியம் என்றால் மழையே இல்லை என்று பொருள். மழை மிகவும் பெய்து, கரண்ட் போய், டவர் விழுந்து செய்தி வராமல் போன தோட்டத்துக்குத்தான் முதலில் பூஜ்ஜியம் விழும்.

"சரியாச் சொன்ன. நீயே மாத்து" என்றேன். "மாத்திட்டு என்ட பேர்ல இல்ல, உன்ட பேர்ல போடு."

அடுத்த வாரம் ஒரு காலை, ஏழரை மணிக்கு, எட்டு வரிகளில் ஏழில் எண் இருந்தது. எட்டாவதில் எண்ணுக்குப் பதில் 'தகவல் வரவில்லை' என்று சிவப்பில் இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே அவள் அந்தத் தோட்டத்துக்குப் போன் எடுத்திருந்தாள். இரவு முழுக்க கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்றார்களாம். மழைமானியில் 62 மில்லிமீற்றர்.